லேஞ்சி போட்ட சீட்

நான் எதையும் லேசில் நம்புகிறவன் அல்ல. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிறவன் உண்மையாகவே தூங்குகிறானா என்று பார்ப்பேன். "உங்களுக்கு உங்கட நிழல்லயும் சந்தேகம்" என்று என் மனைவி சுல்பா கேலி செய்வாள். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். இது நடந்தது. நேரங்களை அப்போதைக்கு அப்போதே போனில் குறித்து வைத்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சொந்த வாகனம் இல்லை. பஸ்ஸிலேயே போய், ஆளில்லாத கரையில் டென்ட் அடித்து, ஓர் இரவு தங்கி வருவேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தூரத்து ஊருக்குப் போகும் கடைசி பஸ் இரவு அங்கேயே நிற்கும். விடிந்ததும் அதுதான் முதல் பஸ். அதைத் தெரிந்துகொண்டால் போதும், எந்த மூலைக்கும் போய் வரலாம்.

2016 ஒக்டோபர், கடைசிச் சனிக்கிழமை. காலையில் கொழும்பு புறக்கோட்டையில் புத்தளம் பஸ் எடுத்தேன். இந்தமுறை கண்டக்குழிக் கடற்கரை. அங்கே போகிறவர்கள் பாலாவிச் சந்தியில் இறங்கினால் நேரம் மிச்சம். ஆனால் சீட் கிடைக்காது. அதனால் புத்தளம் பஸ் ஸ்டாண்ட் வரை போய்க் கண்டக்குழி பஸ்ஸில் ஏறினேன். மாலை 4.10. அப்போதும் பஸ் நிறைந்திருந்தது. ட்ரைவருக்குப் பின்னால் யன்னலோரம் ஒரே ஒரு இடம் காலி. அதில் கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளை லேஞ்சி விரித்திருந்தது. ஓரத்தில் பச்சை நூல் தையல்.

நம் பஸ்களில் லேஞ்சி போட்ட சீட் என்றால் உறுதிப் பத்திரம் எழுதிய காணி மாதிரி. யன்னலால் லேஞ்சியை எறிந்துவிட்டு, தேத்தண்ணி குடித்து ஆறுதலாக ஏறுவார்கள். யாரும் தொட மாட்டார்கள். நான் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கண்டக்டர் தன்னுடைய ஆளுக்குப் பிடித்து வைத்திருக்கிறார், எனக்கு விளங்காதா என்று நினைத்தேன். லேஞ்சியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் கதை நின்றது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து பின்னால் போய்விட்டாள். என் கால்சட்டை ஈரமானது. மழை இல்லை. யன்னலும் மூடியிருந்தது.

கண்டக்டர் வந்தார். நாற்பது தாண்டியவர். பெயர் ஹயாத்து முகம்மது என்று பிறகு தெரிந்தது.

"தம்பி, அதில ஆள் இருக்கு."

"எங்க நானா ஆள்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

அவர் என் கையில் இருந்த லேஞ்சியையே பார்த்தார்.

"சரி, இருங்க. இறங்கக்குள்ள லேஞ்சிய என்ட கையில தந்திட்டுப் போங்க. மறந்திடாதீங்க."

மறந்துவிட்டேன். 6.05க்குக் கடைசித் தரிப்பில் இறங்கி, கடற்கரைப் பாதையில் இருபது நிமிடம் நடந்தேன். பூட்டிக் கிடந்த மீன் வாடிகளைத் தாண்டி, தாழம்பற்றைக்கு இந்தப் பக்கம் டென்ட் அடித்தேன். கடல் முப்பதடி தள்ளிக் கீழே. பாணும் டின் மீனும் சாப்பிட்டேன். பையைத் திறந்தபோதுதான் லேஞ்சி இருப்பது தெரிந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. காலையில் கொடுக்கலாம் என்று மடித்து வைத்தேன். 9.20க்குப் படுத்தேன்.

விழித்தபோது 1.47.

சளக்... சளக்... நனைந்த துணி காலில் அடிக்கும் சத்தம். கடல் பக்கத்தில் இருந்து வந்தது. டென்ட் வாசலில் நின்றது.

"நானா..."

பெண் குரல்.

"நானா, லேஞ்சி உங்களிட்டயா இருக்கு?"

கள்ளக் கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெண்ணைப் பேச விட்டுவிட்டு நாலு பேர் இருட்டில் நிற்பார்கள். நான் ஸிப்பைத் திறக்கவில்லை.

"என்ன லேஞ்சி?"

"சீட்டுக்குப் போட்டது. காலை பஸ்ஸில புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிள்ளைக்குக் காய்ச்சல்."

"பிள்ளை எங்க?"

"என்ட கையில."

ஒரு குழந்தை இருமியது.

வாசல் பக்கம் அல்ல... என் தலைக்குப் பின்னால்.

எப்படியாவது போய்த் தொலையட்டும் என்றுதான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புத்தளத்தில சரிவராது. கொழும்புக்குக் கொண்டு போங்க. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு."

துணியில் இருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு வழி தெரியாதே, நானா."

"நான் கூட்டிப் போறன். இப்ப போங்க."

"கூட்டிப் போறீங்களா? உண்மையாவா?"

"ஓம்... ஓம்."

ஸிப்பை ஓர் அங்குலம் திறந்து, லேஞ்சியை வெளியே தள்ளினேன்.

யாரோ வாங்கினார்கள்.

விரல்கள் பட்டன. சில்லென்று...

மிகச் சிறிய விரல்கள்.

2.03.

அதன் பிறகு நான் தூங்கவில்லை.

4.40க்கு வெளியே வந்தேன். டென்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மணல் ஈரம். அதற்கு அப்பால் எல்லாம் காய்ந்த மணல். அலை ஏறிய அடையாளம் கீழேயே நின்றுவிட்டது. டென்டைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

5.15 பஸ். ட்ரைவருக்குப் பின்சீட்டில், யன்னலோரம், வெள்ளை லேஞ்சி விரித்திருந்தது.

"கொண்டாந்து போட்டுட்டீங்க. சந்தோசம் தம்பி" என்றார் கண்டக்டர்.

நான் போடவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தேன்.

6.35க்குப் புத்தளம் ஆஸ்பத்திரி வந்தது. யாரும் மணி அடிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ் நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி, வழுக்கிற படியில் யாரையோ இறக்குகிற மாதிரிக் கையை நீட்டினார். நின்றார். படியைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்தார். யன்னலோரச் சீட்டில் லேஞ்சியைக் காணவில்லை.

பஸ் ஸ்டாண்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு நாளும் அந்தப் படி நனையும். இண்டைக்கு நனையல்ல. அவ இறங்கல்ல. நீங்க என்ன சொன்னீங்க அவட்ட?"

சொன்னேன். அவர் தூணில் சாய்ந்துகொண்டார்.

"தொண்ணூறாம் ஆண்டு, இதே ஒக்டோபர். யுத்தத்தில மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களையெல்லாம் வெளியேத்தினப்ப, ஒரே வள்ளத்தில கண்டக்குழிக் கரைக்கு வந்தம். நஃபீஸா தாத்தா, எனக்கு அக்கா மாதிரி, அவட பிள்ளைக்கு நெருப்பாக் காயுது. விடிய ஒரு பஸ் வந்தது. அவ ஏறி லேஞ்சியப் போட்டுட்டு, மரத்தடியில கிடந்த பிள்ளையத் தூக்க இறங்கினா. திரும்பி வரக்குள்ள ஒருத்தன் லேஞ்சிய எடுத்திட்டு இருந்திட்டான். நிக்கவும் இடமில்ல. பஸ் போயிட்டு. அண்டைக்கு வேற பஸ் இல்ல. அசர் தொழுகைக்கு முந்திப் பிள்ளை மௌத்து. இரவு அவவும் கடலுக்குள்ள போயிட்டா."

"லேஞ்சிய எடுத்தது யாரு?"

"நான்தான் தம்பி. பதினஞ்சு வயசு. மூணு நாள் நித்திரை இல்ல. கால் வலிச்சுது."

அவர் அழுதார். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நானும் அதைத்தானே செய்திருந்தேன். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"சொன்னபடி செய்ங்க. கொழும்பு ஆஸ்பத்திரியில இறக்கி விடுங்க. அது போதும்."

7.25க்குக் கொழும்பு பஸ். யன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நிறைந்தது. ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்துச் சீட் மட்டும் காலி. நின்றிருந்த ஒரு பெரியவரிடம், "இதில இருங்க" என்றேன்.

"ஆள் இருக்குத்தானே" என்றார்.

குனிந்து பார்த்தேன். வெள்ளை லேஞ்சி. பச்சை நூல்.

"மெதுவாக் கதைங்க" என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். "பிள்ளை இப்பதான் நித்திரையாகுது."

சிலாபம். 8.50.

தாங்க முடியவில்லை. எழுந்தேன். அந்தச் சீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

என் முழங்கால் எதிலோ இடித்தது.

அது ஒதுங்கி... வழி விட்டது.

டென்டையும் விட்டுவிட்டுக் குதித்து இறங்கினேன். பஸ் போய்விட்டது. வேறு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். சுல்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழித்து ஹயாத்து முகம்மது போன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"தம்பி, அந்த சீட் காய்ஞ்சு போச்சு. இப்ப எல்லாரும் இருக்காங்க. இருபத்தாறு வருசம்... அவங்கள ஆஸ்பத்திரியில இறக்கி விட்டீங்கதானே?"

"ஓம் நானா" என்றேன்.

அவர் எனக்காக துஆ கேட்டார். போனை வைத்தேன். சுல்பா இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேசைக்கு நாலு கதிரை. யன்னலோரக் கதிரைதான் அவளுடையது. அன்று அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"ஈரமா இருக்கு" என்றாள். "அதில லேஞ்சி போட்டது நீங்கதானே?"