நாலு வோட்டும் ஒரு அறையும்

ஞாயிறு, பிற்பகல் 3.40. பலேர்மோவிலிருந்து மூன்று மணி நேரம் பறந்து லண்டன் கற்விக் விமான நிலையத்தில் இறங்கினேன். 2018, மே மாதத்தின் கடைசி ஞாயிறு. விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைகளில் பலேர்மோவைச் சேர்ந்த தமிழ்க் குடும்பமொன்று வந்தது. வழியெல்லாம் ஒரே பொதியிலிருந்து பயத்தம் பணியாரம் சாப்பிட்டோம். கடவுச்சீட்டுப் பகுதிக்கு வந்ததும் பிரிந்தோம். அவர்கள் கையில் இத்தாலியச் சிவப்புப் புத்தகம், ஆகவே ஐரோப்பியர் வரிசை. என் கையில் இலங்கைப் புத்தகமும் 93 பவுண் கட்டி எடுத்த விசாவும். நான் நின்ற வரிசை பாம்புபோல வளைந்து வளைந்து போனது. அந்த அம்மா கையசைத்து, "அக்கா, நாங்கள் போட்டு வாறம்" என்றாள். ஐந்து நிமிடத்தில் ஆட்களைக் காணோம்.

நான் வெளியே வர இரண்டு மணி நேரமாயிற்று. அண்ணை தூணோடு சாய்ந்து நின்றார். என்னை இத்தாலிக்கு எடுத்ததே அவர்தான். பிறகு இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நானும் என் கணவரும் பலேர்மோவிலேயே தங்கினோம். கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளையில்லை. ஒரு சிசிலிக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ஒரு அறை வீடு, அவ்வளவுதான் என் இராச்சியம்.

"மெலிஞ்சு போனாய்" என்றார் அண்ணை. அதுதான் அவருடைய வரவேற்பு.

கற்விக்கிலிருந்து ஈஸ்ட் குரொய்டனுக்கு ரயிலில் கால் மணி நேரம். அங்கிருந்து மிட்சமில் இருக்கும் அண்ணை வீட்டுக்கு டிராம், ஒன்றரைப் பவுண். டிராமில் அண்ணை வாய் ஓயவில்லை. என் இத்தாலியக் குடியுரிமை விண்ணப்பம் ரோமில் உள்துறை அமைச்சில் கிடக்கிறது, சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் வரவேண்டும், அடுத்த வருடம் கைக்கு வரும். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துவதற்கு முன், சிவப்புப் புத்தகத்தோடு நான் இங்கே குடிவந்துவிட வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். என்னுடையதும்தான், நான் வாய்விட்டுச் சொல்வதில்லையே தவிர.

"தனிய இருந்து அங்க என்னத்தைக் காணப்போறாய்? அறையெல்லாம் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கிறன்."

எனக்கென்று ஒதுக்கிய அறைக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மேல்மாடி, தோட்டத்துப் பக்க ஜன்னல், இளம் பச்சைச் சுவர். சாமிப் படத்துக்கு ஒரு தட்டு. அதன் பக்கத்தில் பலேர்மோ மலைக்கோயில் மாதாவுக்கும் ஒரு தட்டு. சைவக்காரியான நான் ஞாயிறுதோறும் அந்த மலை ஏறுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். பலேர்மோத் தமிழரில் ஏறாதவர் யார்?

மாலை 7 மணி. சாப்பாட்டு மேசையில் புட்டும் கணவாய்க் கறியும். பேச்சு அரசியலுக்குப் போனது. அண்ணை இருக்கும் இடத்தில் வேறெங்கே போகும்?

இத்தாலிச் செய்தி பார்க்காத வாசகர்களுக்கு அந்தக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் இத்தாலியில் தேர்தல். யாருக்கும் பெரும்பான்மையில்லை. முன்னுக்கு வந்தவை இரண்டு. ஒன்று, பழைய கள்ளரையெல்லாம் துரத்துவோம் என்று கிளம்பிய புதுக் கட்சி. தெற்கு முழுவதையும் வாரியெடுத்தது. மற்றது வடக்குக் கட்சி. தெற்கத்தியாரை நக்கலடித்தே வளர்ந்து, பிறகு அந்த நக்கலை எங்கள்மேல், வெளிநாட்டார்மேல், திருப்பிவிட்ட கட்சி. தேர்தலில் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இப்போது இரண்டு பேரும் கூடி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டு, யாரும் கேள்விப்படாத ஒரு சட்டப் பேராசிரியரைப் பிரதமராக்கப் பார்த்தார்கள். சண்டைபிடித்த இரண்டு வீட்டார் சம்பந்தம் பேசி, புரோக்கரையே மாப்பிள்ளையாக்கின கதைதான்.

"நான் போட்டது புதுக் கட்சிக்கு" என்றார் அண்ணை. "நான் மட்டுமில்லை, வீட்டில நாலு வோட்டும் அவைக்குத்தான்."

வெளிநாட்டில் இருக்கும் இத்தாலியக் குடிமக்களுக்கு வாக்குச்சீட்டு தபாலில் வரும். இந்த வீட்டுக்கு நாலு கவர்: அண்ணை, அவர் மனைவியான மச்சாள், மகள், வெளியூரில் படிக்கும் மகன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அண்ணை இதே மேசையில் இருந்து நாலையும் பிரித்து, நாலிலும் தானே புள்ளடி போட்டு, நாலையும் ஒட்டித் தபாலில் சேர்த்திருக்கிறார். கரண்ட் பில், கவுன்சில் வரி எல்லாம் பார்ப்பது அவர்தானே, இதையும் அவர்தானே பார்க்க வேண்டும்!

"மாமி, நான் அந்தக் கவரைக் கண்ணாலயும் காணேல்லை" என்றாள் அண்ணையின் மகள், என் மருமகள் தர்ஷி. வயது இருபத்திரண்டு, வங்கியில் வேலை.

"நீ கண்டு என்னத்தைக் கிழிச்சிருப்பாய்?" என்றார் அண்ணை. மச்சாள் சிரித்தபடி எனக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள். நானும் சிரித்தேன்.

அந்த நேரம்தான் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. நிதி அமைச்சராக அவர்கள் கொடுத்த பெயரை ஜனாதிபதி ஏற்கவில்லை. பேராசிரியர் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட்டு முறிந்தது!

அண்ணை மேசையில் அடித்தார். "சனம் போட்ட வோட்டுக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

எனக்கோ நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. வடக்குக் கட்சி வரவில்லையே, அதுவே போதும். பச்சை அறையில் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய், காலை 11. மச்சாளோடு தோர்ண்டன் ஹீத்துக்குச் சாமான் வாங்கப் போனேன். முருங்கைக்காய் ஒரு கட்டு இரண்டு பவுண். கடைக்கார அண்ணை நான் இத்தாலியிலிருந்து வந்தவள் என்றதும், "உங்கட நாட்டில அரசாங்கமே இல்லையாமே?" என்று கேட்டார்.

"எங்களுக்கு எத்தனை நாடு அண்ணை!" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திரைச்சீலைக்குப் பச்சைத் துணியும் அங்கேயே பக்கத்துக் கடையில் எடுத்தோம். அடுத்த வருடம் வரும்போது தைத்துப் போட்டிருக்கும் என்றாள் மச்சாள்.

வியாழன், மாலை 7.30. நல்ல வெளிச்சம். அண்ணை தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். தர்ஷி கைபேசியோடு ஓடி வந்தாள்.

"அப்பா, திரும்பவும் சேந்திட்டினம்! அமைச்சர்மாற்றை லிஸ்டும் வந்திட்டுது."

முறிந்தது என்று எல்லாரும் சொன்ன கூட்டு நாலு நாளில் ஒட்டிவிட்டதா! நிதிக்கு வேறொருவரைப் போட்டுச் சமாளித்துவிட்டார்கள். அண்ணைக்கு வாயெல்லாம் பல். "பாத்தியே? எங்கட ஆக்கள் விடமாட்டாங்கள்" என்று எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். தர்ஷி ஒவ்வொரு அமைச்சாக வாசித்தாள். உள்துறை என்றதும் நிறுத்தினாள்.

"வாசி பிள்ளை."

"உள்துறை வடக்குக் கட்சித் தலைவருக்கு, அப்பா."

உள்துறை! என் விண்ணப்பம் கிடக்கும் அமைச்சு! எங்களை ஏசி ஏசியே வளர்ந்த ஆளின் மேசைக்கு என் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டதே, கடவுளே! கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தர்ஷியின் கைபேசியை வாங்கி நானே ஒருமுறை வாசித்தேன்.

"நான் போட்டது இவங்களுக்கில்லை" என்றார் அண்ணை. பேயறைந்த முகம். "நான் புதுக் கட்சிக்கெல்லோ போட்டனான்!"

"அவை அதைக் கொண்டுபோய் அவங்களுக்குக் குடுத்திட்டினம், அப்பா" என்றாள் தர்ஷி. "என்ரை வோட்டையும் சேத்து."

மச்சாள் சமையலறை வாசலில் நின்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை. "என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்றாள். முப்பது வருடத்தில் அவள் அவரை அப்படிக் கேட்டதை நான் பார்த்ததில்லை. அண்ணை புல்வெட்டும் எந்திரத்தை மறுபடி இயக்கி, ஏற்கெனவே வெட்டிய இடத்தையே வெட்டினார்.

வெள்ளி, பகல் 12. ஆர்ச்வே முருகன் கோயில். கொலியர்ஸ் வூட்டில் நொதேர்ன் லைன் சுரங்க ரயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். கோயில் பக்கமே தலைவைக்காத அண்ணை தானும் வாறன் என்று வெளிக்கிட்டு வந்தார். பூசை முடியும்வரை கண்ணை மூடி நின்றார். என் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தார். பெயர், நட்சத்திரம் சொன்னவர், ஐயர் கேட்காமலே, "அவவுக்கு ஒரு அலுவல் சரிவர வேணும்" என்றார்.

மூன்று மணிக்கு, வீட்டுக்குத் திரும்பும் வழியில், லீவு போட்டுக் கூட வந்த தர்ஷியின் கைபேசியில் ரோமில் சத்தியப்பிரமாணம் நடப்பதைப் பார்த்தோம். இரண்டு கட்சிக்காரரும் மாறி மாறிக் கைகொடுத்தார்கள். எல்லாரும் புதுச் சட்டை, புதுச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனி, காலை 9. விமான நிலையத்துக்கு அண்ணையோடு டிராம். பாதி வழியில் சொன்னார்: "நாலு வோட்டால ஒரு அரசாங்கம் வராது, தங்கச்சி."

"ஓம் அண்ணை, அது எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் எனக்கு இப்பிடிக் கிடக்கு?"

எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சைச் சுவரை அடித்தவரும் இவர்தானே, என்ன செய்வது!

பலேர்மோவுக்கு வந்து கிழவியிடம் சொன்னேன். அவளும் புதுக் கட்சிக்குத்தான் போட்டிருந்தாள். "வடக்கத்தியான் என்னை நக்கலடிப்பான், நான் வோட்டுப் போட்டு அவனுக்கு அமைச்சர் சம்பளம் கொடுக்கிறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் புதுச் சட்டம் வந்தது. குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலம் இரண்டிலிருந்து நாலு வருடமானது. ஏற்கெனவே போட்ட விண்ணப்பங்களுக்கும் அதே கணக்கு. அடுத்த வருடமே அந்தச் சம்பந்தம் முறிந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சட்டம் மட்டும் நின்றது. எனக்குச் சிவப்புப் புத்தகம் கிடைத்தபோது பிரிட்டன் கதவைச் சாத்திப் பல மாதமாகிவிட்டது.

2022 செப்டம்பர். இத்தாலியில் மறுபடி தேர்தல் நேரம். மறுபடி கற்விக். இம்முறை வரிசையே இல்லை. புத்தகத்தை எந்திரத்தில் வைத்தேன், முகத்தைப் பார்த்தது, கண்ணாடிக் கதவு திறந்தது. இதற்கா நாலு வருடம்! உள்ளே வரலாம், ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். குடியிருக்க முடியாது. வரிசையில் இரண்டு மணி நேரம் ஆகும் என்ற பழைய கணக்கில் நேரம் பார்த்து வந்த அண்ணை அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரை.

"எத்தினை நாள் நிப்பாய்?" என்று கேட்டார். என்னிடம் அவர் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

"ரெண்டு கிழமை, அண்ணை."

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஈஸ்ட் குரொய்டனில் டிராம் ஏறி இருந்த பிறகு, நான் எதுவும் கேட்காமலே, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"கவர் நாலும் வந்திட்டுது, தங்கச்சி. நான் தொடேல்லை."