முதல்முறை வீசும் பந்து

சித்திக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். உடற்பயிற்சியின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆராயும் பேராசிரியை என்பதுதான் சரியான பதில். அம்மாவைக் கேட்டால் வேறு: "என் தங்கச்சி வாங்கினது டாக்டர் பட்டம். பாக்குற வேலை, அடுத்தவங்க பிள்ளை நொண்டியடிக்கிறதை வேடிக்கை பாக்குறது."

சித்தி சிரிக்கமாட்டார். "நீயும் வந்து பாருக்கா. வயிறு எரியும்."

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடும் வீராங்கனைகளின் மூச்சைப் பல வருடம் அளந்தவர் அவர். மூச்சு அருமையாக இருக்கும், கால் அருமையாக இருக்கும். ஈட்டி எறிய வந்தவளுக்குத் தோள் மட்டும் போயிருக்கும். "முதமுதல்ல எப்பம்மா பந்து வீசினே?" என்பார். "இங்க வந்தப்புறந்தான் மேடம்." இதையே கேட்டுக்கேட்டு அலுத்துத்தான், வீசிப் பழகவேண்டிய வயதிலிருக்கும் சின்னப் பிள்ளைகளிடம் வந்தார்.

அப்படி அவர் தேர்ந்தெடுத்த பள்ளியில் விளையாட்டு நேரத்தில் பையன்களுக்கு மைதானம், பெண்பிள்ளைகளுக்கு வகுப்பறை. பெண்பிள்ளைகள் பின்தங்கியிருப்பதைச் சோதித்துக் காட்டினால் மைதானத்தில் பாதி தருவதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். சோதனைக்கு ஒரே விதிதான். வீசுவதோ பிடிப்பதோ தாவுவதோ, யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைக்குத் தானாக எவ்வளவு வருகிறதோ அதைத்தான் அளக்க வேண்டும்.

சோதனை நாளன்று காலையில் சித்தியும், உதவிக்குப் போன நானும் பள்ளியின் பெரிய அறையில் கேமராவை நிறுத்தினோம். முதல் சிறுமி இடது காலை முன்வைத்தாள், இடுப்பைத் திருப்பினாள், வீசினாள். பந்து சுவரில் வரைந்த வட்டத்தின் நடுவில் பட்டது. சித்தியின் புருவம் உயர்ந்தது. அடுத்தவளும் அதே கால், அதே இடுப்பு. மூன்றாமவள் வீசுமுன் தனக்குள் முணுமுணுத்தாள்: "காலு, இடுப்பு, கை."

சித்தி பேனாவை மூடினார். "யாரு கண்ணு சொல்லிக்குடுத்தா?"

"பி.டி. சார்! ஒரு வாரமா!"

சார் கதவோரம் மாப்பிள்ளையின் அப்பா மாதிரி நிமிர்ந்து நின்றார். அனுமதிக்காகச் சித்தி அனுப்பிய சோதனை விவரம் அவர் கைக்குப் போயிருந்தது. "பெரிய இடத்துலேர்ந்து வர்றீங்க மேடம். பிள்ளைங்க சொதப்பிட்டா எங்க மானம் என்னாகுறது?"

"சொதப்புறதைப் பாக்கத்தான் சார் நான் வந்ததே!"

அவர் விழித்தார். பாவம், இத்தனை வருட வேலையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

தலைமையாசிரியைக்கு ஒரே சந்தோஷம். "பசங்க மாதிரியேதானே பொண்ணுங்களும் வீசுறாங்க மேடம்? அப்புறம் மைதானம் எதுக்கு?"

"ஒரு வாரம் பந்தைக் கையில குடுத்ததுக்கே இந்தப் போடு போடுறாங்க. அதைப் பாருங்க!"

"அது உங்க ஆராய்ச்சியில வருமா?"

பழக்குவதற்கு முன்னால் இவர்கள் எப்படி வீசினார்கள் என்று யாரும் அளந்து வைக்கவில்லை. முன்னேற்றம் கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் ஆராய்ச்சியில் எழுத முடியாது.

"வராது," என்றார் சித்தி. அந்த ஒரு சொல்லில் மைதானம் போயிற்று.

பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டபோது ஒன்று குறைந்தது. முணுமுணுத்த சிறுமி வரிசையின் கடைசியில், கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி அவளையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

காருக்குள் கதவை அறைந்து சாத்தினார். "எல்லாம் பாழ். இனி வேற பள்ளிக்கூடம் தேடி, வேற ஆள் காலைப் பிடிச்சு..." பாதி வழியில் மறுபடி பொருமினார்: "டிபார்ட்மெண்ட்ல அந்தப் பந்து எங்கேன்னு வேற குடைவானுங்க."

"என்ன சொல்வீங்க சித்தி?"

"தொலைஞ்சுபோச்சும்பேன்," என்றார், கடுகடுப்பு கொஞ்சமும் இறங்காமல்.