மூன்றாம் பெஞ்சில் என் இடம்

நான் இப்போது போகிற கோயிலில், ஆராதனையின் நடுவே சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தால், அவரவர் நின்ற இடத்திலேயே வலது பக்கம் ஒரு கும்பிடு, இடது பக்கம் ஒரு கும்பிடு போட்டு முடித்துவிடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் வந்த பழக்கம். நோய் போன பிறகும் வசதியாக இருக்கிறதென்று அதையே வைத்துக்கொண்டார்கள். யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது வெளியே தெரியாது பாருங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் அந்தச் சலுகை கிடையாது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அன்றைக்கு ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வருவார். சர்ச்சைக் கோயில் என்பது போல, போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவரின் கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் வாங்கி, ‘சமாதானம்’ என்பார். வாங்கியவர் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் அடுத்தவருக்கு. சுவரோரம் வரை போய், பின் பெஞ்சுக்குத் திரும்பி, மறுபடி நடுப்பாதைக்கு வந்து, இப்படியே வளைந்து வளைந்து கடைசிவரை போகும். ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. கோயிலைத் திறந்து கூட்டிப் பூட்டுகிற கோயில்குட்டி வாசலில் நிற்பார். இரண்டு பக்கத்துச் சமாதானமும் அவர் கைக்கு வந்து சேர்ந்த பிறகு மணிக்கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார். அந்த மணி கேட்டால்தான் ஐயர் அப்பத்தைக் கையில் எடுப்பார். மாற்றலாகி வருகிற ஐயர்மார் முதல் மாதம் இதைப் பார்த்து முழிப்பார்கள். இரண்டாம் மாதம் அவர்களும் மணிக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள்.

சண்டே ஸ்கூல் டீச்சர் எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லியிருந்தார்.

“கரண்டு மாதிரி பிள்ளைகளா. ஒரு எடத்துல ஒயரு அத்துப்போச்சுன்னா, அதுக்கு அங்கிட்டு இருக்க வீட்டுல லைட்டு எரியாது.”

டீச்சர் ஏதோ உவமைக்குச் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒயர் அறுந்தால் லைன்மேன் வருவதற்கு எத்தனை பொழுது ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சு எங்கள் குடும்பத்துக்கு என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் வேறு யாரும் அதில் முந்திப் போய் உட்கார மாட்டார்கள். நடைபாதை ஓரம் பெரியப்பா, அவரை ஒட்டி அப்பா, அதற்குப் பிறகு மற்றவர்கள். பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியார். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ஒருவர் சட்டையில் சாக்பீஸ் தூள், இன்னொருவர் தலையில் பஞ்சு. அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர எங்கள் சபைக்கு இன்னொரு பெரிய திருவிழாவும் உண்டு. அது கமிட்டித் தேர்தல். கிறிஸ்துமஸுக்கு எடுக்காத புதுவேட்டியை அதற்கு எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பாதான் வெகுகாலமாகச் செயலாளர். அந்த வருஷம் அவரை எதிர்த்து அப்பாவோடு மில்லில் வேலை பார்க்கிற ஒருவர் நின்றார். அவர் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். வழிமொழிய யாரும் எழுந்திருக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா எழுந்தார். பெரியப்பா தோற்றுப்போனார். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். எழுந்தது தம்பி என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சனிக்கிழமைகளில் பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வரும் பால்கோவாவும் நின்றது. சண்டை என்றால் என்னவென்று எனக்கு அதில்தான் முதலில் உறைத்தது.

ஆனால் பெஞ்சை விட்டு இருவரும் நகரவில்லை. எழுந்து வேறு இடம் போகிறவன் தோற்றவனாகிவிடுவான் அல்லவா? அடுத்த ஞாயிறு பெரியப்பா முந்தி வந்து தன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியப்பா நிமிர்ந்து பார்க்காமலே முழங்காலைச் சரித்து வழிவிட்டார். அப்பாவும் குனிந்து பார்க்காமலே உள்ளே போய் உட்கார்ந்து, என்னை இழுத்து நடுவில் வைத்தார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். பெண்பிள்ளையானாலும் சின்னப்பிள்ளைகள் எந்தப் பக்கமும் உட்காரலாம்.

அந்த மாதம் சமாதானம் மூன்றாம் பெஞ்சுக்கு வந்தபோது, பெரியப்பா என் கைகளைப் பிடித்துக் கொடுத்தார். நான் திரும்பி அப்பாவுக்குக் கொடுத்தேன். மணி அடித்தது. இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே நான்தான் ஒயர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பெருமையாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். முதல் ஞாயிறு நெருங்க நெருங்கச் சோறு இறங்காது. உள்ளங்கை வேர்த்தால் சமாதானம் நனைந்துவிடுமோ என்று பாவாடையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே அழுக்காகிப் போகும். காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்று குச்சி ஐஸ் தின்பதைக்கூட விட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

அசனம் நெருங்கி வந்தது. சபையார் எல்லோரும் ஒரே உலையில் பொங்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அந்த வருஷம் அது நற்கருணை ஞாயிறன்றே அமைந்தது. அதற்கு வடகம் போடச் சின்ன வெங்காயம் உரிக்க எங்கள் வீட்டு முற்றத்தில் கூடிய பெண்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

“அசனத்தோட சரியாம்க்கா. அதுக்கு அடுத்த வாரத்துலருந்து வாத்தியாரும் அவிய ஆளுகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல மண்டபம் பிடிச்சுத் தனியா ஆராதனை வைக்கப் போறாகளாம்.”

“எம்புட்டு பேரு போறாகளாம்?”

“பாதிச் சபைன்னு பேசிக்கிடுதாக.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். பாதிச் சபை என்றால் பெரியப்பா மகள் அக்காவும்தானே? எனக்குத் தலை பின்னி விடுகிறவள், பைபிளில் வசனம் தேட முடியாமல் நான் திணறும்போது தூரத்திலிருந்தே சைகையில் பக்கம் காட்டுகிறவள். போய்விட்டால் அவளுக்கு ஒரு கோயில், எனக்கு ஒரு கோயில். மாதம் தவறாமல் மணி அடித்துக்கொண்டிருக்கும் வரை அப்படி எதுவும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. அசனத்தன்று பாடுவதற்குச் சண்டே ஸ்கூல் பிள்ளைகளில் சிலரைப் பொறுக்கியிருந்தார் டீச்சர். அதில் நானும் ஒருத்தி. வெள்ளைக் கவுன் போட்டு, ஆராதனை முடியும்வரை பீடத்துப் படி ஓரம் பாய் விரித்து உட்கார வேண்டும். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் தொண்டை வலிக்கிறது என்றேன். மிளகுப்பால் வந்தது. வயிறு வலிக்கிறது என்றேன். ஓமத்தண்ணீர் வந்தது. பாடத் தெரியவில்லை என்றேன்.

“ஏட்டி, ஒனக்கு என்னதான் வேணும்? ஊர்ல ஒவ்வொருத்தி தன் பிள்ளைய விடலயேன்னு பொகைஞ்சுக்கிட்டு இருக்கா” என்று அம்மா சத்தம் போட்டாள்.

வேறு வழியில்லாமல் தம்பியைத் தயார் செய்யத் தொடங்கினேன். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, மூக்கு ஒழுகிக்கொண்டேயிருக்கும். இந்தப் பக்கம் வாங்கு, அந்தப் பக்கம் கொடு, அவ்வளவுதான் என்று கடலைமிட்டாய் கொடுத்துப் பழக்கினேன். நன்றாகவே பிடித்துக்கொண்டான். மிட்டாய் ருசியில் கோழிக்குக்கூடச் சமாதானம் கொடுத்தான். ஆனாலும் அவனை நம்பிச் சபையை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

பயந்தது போலவே ஆனது. அசனத்தன்று அவன் மூன்றாம் பெஞ்சில் இருவருக்கும் நடுவே மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். படியோரத்திலிருந்து நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவ அறிக்கை முடிந்து எல்லோரும் அமைதியாக முழங்காலில் நின்ற நேரம், “அப்பா, ஒண்ணுக்கு!” என்றான். முன் பெஞ்சுகள் தோள் குலுங்கச் சிரித்தன. அப்பா அவனைத் தூக்கிப் பெண்கள் பக்கம் விட, அம்மா வெளியே கொண்டுபோனாள். போனவன் திரும்பவே இல்லை. அசனத்துக்கு அறுக்க வந்த ஆட்டில் ஒன்று மிச்சமிருந்ததாம், அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பெஞ்சில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. இருவரில் ஒருவரும் நகர்ந்து அதை நிரப்பவில்லை.

ஐயர் இறங்கி வந்தார். அந்த நேரத்தில் எங்கள் கோயிலில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். பெண்கள் பக்கம் மளமளவென்று போய்க் கோயில்குட்டியின் கைக்குச் சேர்ந்துவிட்டது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சு முடிந்து, இரண்டாம் பெஞ்சு முடிந்து, பெரியப்பாவிடம் வந்தது. அவர் வாங்கினார். வாங்கிய கைகளைக் கோத்தபடி மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தார். அப்பா தன் முழங்காலைப் பார்த்தார். கோயில்குட்டி ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி எக்கிப் பார்த்தார். பின்னால் யாரோ இருமினார்கள். ஐயர் பீடத்தின் முன்னால் காத்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கம் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தேன். டீச்சர் கவுனைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, கையைக் கவுனில் துடைத்துக்கொண்டே, சபை முழுக்கப் பார்க்க நடுப்பாதையில் ஓடினேன்.

பெரியப்பாவின் முழங்காலைத் தாண்டி என் இடத்துக்குப் போனால், அங்கே உட்கார முடியவில்லை. என் இடத்தில் கைகள் இருந்தன. பெரியப்பாவின் கை ஒன்று, அப்பாவின் கை ஒன்று. பெஞ்சுப் பலகையை ஒட்டி, முன் பெஞ்சு மறைத்ததால் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தாழ்வில், ஒன்றை ஒன்று தொடும் தூரத்தில் வந்து நின்றிருந்தன. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் இந்தப் பாடுபட்டு ஓடி வந்தால் இவர்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களே! இரண்டு கையையும் இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். பெரியப்பாவின் கையைப் பிடித்து வாங்கினேன், அப்பாவின் பக்கம் திரும்பிக் கொடுத்தேன். இருவர் கையும் சில்லென்றிருந்தது. செத்த நேரத்தில் மணி அடித்தது.

அசனப் பந்தியில் என்னைத் தூக்காதவர் இல்லை. பச்சைப்பிள்ளை சபையைச் சேர்த்து வைத்துவிட்டாள் என்று கன்னத்தைக் கிள்ளியே சிவக்க வைத்தார்கள். டீச்சர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா வாளியோடு பந்தி பரிமாறிக்கொண்டு வந்தவர், என் இலைக்கு முன்னால் குனிந்தார்.

“ஏட்டி, மெய்யாச் சொல்லு. ஒங்கப்பன்தான முதல்ல கைய நீட்டுனான்?”

“தெரியாது பெரியப்பா. ரெண்டு பேரும் என் எடத்துல கைய வச்சிருந்தீக.”

அவர் என் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறியை வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பைக்கில் முன்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போகையில் அப்பா அதையே மாற்றிக் கேட்டார்.

“ஒம் பெரியப்பாதான முதல்ல நீட்டுனாக?”

அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். அப்பா சிரித்தார், பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்தார். தூசி விழுந்துவிட்டது என்றார். எனக்கோ பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. யார் முதலில் நீட்டியது என்று அடுத்த சண்டையைத் தொடங்கிவிட்டார்களே, இது எங்கே போய் முடியுமோ என்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தைப் பெரியப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கோபம் ஆறாத சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போகத்தான் செய்தன. அடுத்த தேர்தலில் பெரியப்பா மறுபடியும் நின்றதும், அப்பா மறுபடியும் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டதும் தனிக்கதை. அந்த ஞாயிறும் இருவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

எனக்கு மறக்காதது அசனத்துக்கு அடுத்த மாத நற்கருணை. நகம் வெட்டி, கை கழுவி, காலையிலிருந்து எதையும் தொடாமல் அப்பாவோடு வந்தேன். பெரியப்பா முழங்காலைச் சரித்து வழிவிட்டார். அப்பா உள்ளே போய் அவரை ஒட்டி உட்கார்ந்தார். தோளும் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. நான் நடுப்பாதையில் நின்று பார்த்தேன். இருவருக்கும் நடுவே ஒரு பாட்டுப் புத்தகம் வைக்கக்கூட இடமில்லை.

“அம்மாட்ட போய் இரு தாயி” என்றார் அப்பா. பெரியப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

பெண்கள் பக்கம் போனேன். என்னடி என்று அம்மா கேட்டதற்கு, “என் எடம் போச்சு” என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். சமாதானம் போனது. வழக்கத்தைவிடச் சீக்கிரமே மணி அடித்தது. பாட்டுக்காரப் பிள்ளைகளை விட்டு ஓடி வந்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று நான் அவள் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.