கலியாண ரியூப்

மருந்துக் கடையில் காய்ச்சலைச் சத்தமாகச் சொல்வார்கள். மூலத்தைக்கூடக் காதோடு சொல்லிவிடுவார்கள். பருவை மட்டும் கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார்கள். களுவாஞ்சிக்குடியில் ஒரு மருந்துக் கடையில் முப்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். பதினேழு வயதில் வந்த பருக்கள் விட்டுப்போன குழிகள் என் கன்னத்திலும் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் நின்று மனம் வெந்த உங்கள் எல்லோருக்கும் நான் அந்த வகையில் சொந்தக்காரன். இங்கே சொல்லப்போகிற கதைகளில் கடைசியாக வரும் பவானியின் கதைக்கு ஒருவர் எனக்கு ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். அதை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். அது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

மீன் கழுவுகிற மாதிரி

வாவியில் இறால் பிடிக்கிற இளைஞன் ஒருவன் வந்தான். முகம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் ஒரு நாளைக்கு ஏழு தரம் கழுவுகிறானாம். மீன் நாற்றம்தான் பருவாக வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பரு ஊத்தையால் வருவதில்லை, தோலுக்குள் ஊறுகிற எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டு வருகிறது, தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்படும் என்று விளங்கப்படுத்தினேன். மெல்லிய சவர்க்காரம், இரண்டு தரம், அது போதும் என்றேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, “அண்ணன், எனக்குப் பொம்புள பாக்கப் போன வீட்டுல, பொடியன்ட முகத்துல என்ன வருத்தம் எண்டு கேட்டிருக்காங்க. ரெண்டு தரம் கழுவினாப் போதும் எண்டு நீங்க வந்து அவங்களுக்குச் சொல்லுவீங்களா?” என்றான்.

கிரந்தி

காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிற ஒரு தாய், உயர்தரம் படிக்கிற மகளைக் கூட்டி வந்தார். மகளின் நெற்றியிலும் தாடையிலும் பரு. நண்டு, இறால், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, முட்டை எல்லாம் கிரந்தி, தோலுக்கு ஆகாது என்று நான்கு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறார். பிள்ளை மெலிந்துபோயிருந்தாள். பரு அப்படியே இருந்தது.

சாப்பாட்டை மறித்து இதை மாற்ற முடியாது, நசுக்க விடாதீர்கள், ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்கில் காட்டுங்கள் என்று சொன்னேன். தாய்க்கு மனம் ஆறவில்லை. மீனையும் நிறுத்திப் பார்க்கவா என்று கேட்டார். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற மகள் மெதுவாகச் சொன்னாள்: “உம்மா, எங்கட வீட்டுல இப்ப கொழுக்கிறது என்ட பரு மட்டும்தான்.”

ஆறு கிழமை

பருவுக்குச் சரியான மருந்து மெதுவானது. ஆறு கிழமை, எட்டுக் கிழமை, ஏறக்குறைய இரண்டு மாதம் பொறுத்துப் பூசினால்தான் வித்தியாசம் தெரியும். முதல் இரண்டு கிழமை கூடினதுபோலவும் காட்டும். இதை வருகிறவர்களிடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் அரைவாசிப் பேர், யோசித்து வாறம் என்று போய்விட்டார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. என் மகளின் காதுகுத்துக்குத் தோடு வாங்கித் தந்தவர். பின்னால் இருந்து இதையெல்லாம் பார்த்தவர், ஒரு நாள் பக்கத்தில் வந்து சொன்னார்: “தம்பி, ஆறு கிழமை எண்டு நீ சொல்ற. அடுத்த கடையில மூண்டு நாள் எண்டு சொல்றான். சனத்துக்கு எது கேக்கும்?”

அட்டைத் துண்டு

மூன்று நாள் என்று முதலாளி சொன்னது ஒரு ரியூப்பை. கரப்பனுக்கு டொக்டர்மார் அளவோடு எழுதுகிற கிறீம் அது. முகத்தில் பூசினால் மூன்று நாளில் சிவப்பு அடங்கி, தோல் வெளுத்துப் பளபளக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே கலியாண ரியூப். கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்கப் பத்து நாள் இருக்கும்போது பெண்வீட்டார் வருவார்கள். மருந்தின் பெயர் யாருக்கும் தெரியாது. முன்பு வாங்கியவர்கள் கிழித்துக் கொடுத்த பெட்டி அட்டையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து நீட்டி, இதே தாங்க என்பார்கள். ஒரு அட்டை நாலு வீடு சுற்றும்.

பவானியின் தாய் அப்படித்தான் வந்தார். வவுணதீவுப் பக்கம் வயல் செய்கிற குடும்பம். அவருடைய தம்பி சிவலிங்கம் எங்கள் ஊரில் இருக்கிறார், சீனி வருத்தக்காரர், மாதாமாதம் அந்த வியாதிக்கு என்னிடம்தான் குளிசை எடுப்பார். அந்தப் பழக்கத்தில் அந்த அம்மா என்னைத் தேடி வந்திருந்தார். பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளை நான் வாசித்திருந்தேன். பருவுக்குப் பாவிக்க வேண்டாம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆறு கிழமை என்று சொல்ல வாய் எடுத்தேன். முதலாளி பின்னால் இருந்தார். ரியூப்பைக் கொடுத்தேன். அதன் பெட்டி அட்டையைக் கிழித்து, ‘இரவில் மட்டும்’ என்று என் கையால் எழுதியும் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: “நீங்க நல்லா இருக்கோணும் மனே.”

இன்னொன்று

ஒரு வருடத்துக்குப் பிறகு முக்காடு போட்டபடி ஒரு பெண் வந்தாள். மற்றவர்கள் போகும்வரை பால்மாத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு அட்டைத் துண்டை நீட்டினாள். என் எழுத்து. பவானி. முக்காட்டை விலக்கியபோது முகம் தீப்பட்டதுபோல் இருந்தது. தோல் மெலிந்து நரம்பு ஓடியது தெரிந்தது. முன்பு இருந்ததைவிடப் பரு கூட என்றாள். கலியாணத்துக்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. இனி வேண்டாம் பிள்ளை, தோல் டொக்டரிடம் போ, அவர் சொல்கிறபடி நிறுத்து என்றேன்.

அவள் சொன்னாள்: “பூசாட்டி எரியுது அண்ணன். பூசினா மயிர் முளைக்குது. அவர் என்ட முகத்தப் பாக்காமத்தான் சோறு தின்றார். இன்னொண்டு தாங்க.”

கொடுத்தேன்.

நல்ல செய்தி

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் கேட்காமலே சிவலிங்கம் செய்தி சொல்வார். முதலில் கொஞ்சம் குறைவு என்றார். பிறகு கொழும்பில் டொக்டரிடம் காட்டினதாம், முகம் பளிங்காம். அதற்குப் பிறகு புருசனோடு குவைத்தில். மாதத்துக்கு மாதம் பவானி அழகாகிக்கொண்டே போனாள். நானும் குளிசையைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அன்றிரவு நன்றாகத் தூங்குவேன். அவர் போனில் மருமக்களின் படமெல்லாம் காட்டுவார். யாருடைய பூப்பு நீராட்டு, யாருடைய குழந்தை என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவார். பவானியின் படம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

போன மாதமும் வந்தார். குளிசைப் பையை வாங்கிக்கொண்டு, “பவானி சோக்கா இருக்கா தம்பி,” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்தார்.

ஆறு கிழமை பொறு என்று ஒரு தாயிடம் சொல்ல வாய் வராத நான், ஒரே ஒரு கேள்வியைக் கேட்க ஒன்பது வருடம் பொறுத்திருக்கிறேன்.

“சிவலிங்கம் அண்ணன், பவானிட முகத்த நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?”