அல் ஐன் தோட்டத்து மாளிகையும் எங்கள் அண்ணனும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. வீட்டுக்கு வந்திருக்கும் சொந்தங்களும், வர முடியாமல் அல் ஐனில் டியூட்டியில் இருக்கும் நண்பர்களும் இந்த நினைவு மலரில் அண்ணனின் அருமை பெருமைகளை எதிர்பார்ப்பீர்கள். அவை நிறையவே உண்டு. ஆனால் அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். தந்தையார் சீக்கிரமே காலமானதால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனார், என்னைப் படிக்கவைத்தார். பிறகு அமீரகம் சென்று, எனக்கும் அங்கே ஒரு கடையில் வேலை பிடித்துக் கொடுத்தார். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். அதைத்தான் நீங்கள் எல்லோரும் தங்கமான குணம் என்கிறீர்கள். அந்தக் குணம் எங்களைப் படுத்திய பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அவருக்கு விசா கொடுத்த கஃபீல், தம் குடும்பத்தின் பழைய தோட்டத்து மாளிகையைப் பழுதுபார்க்க அண்ணனை அனுப்பினார். கஃபீலின் தாத்தா பேரீச்சந்தோப்பின் நடுவே கட்டிய மாளிகை அது. சுவர்களெல்லாம் சுடாத மண்கல். மேலே ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம், அவ்வளவு கனம். வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது, காற்றுக்கு உயரத்தில் முக்கோணத் துளைகள் மட்டும். வாசலை ஒட்டித் தனிக் கதவோடு மஜ்லிஸ் என்ற விருந்தினர் கூடம். வருகிறவர்கள் கண்ணில் வீட்டுப் பெண்கள் படாமலிருக்க அந்த ஏற்பாடு. அறுவடையைக் காவல் காக்க மூலையில் வட்டக் கோபுரம். கூரைக்குப் பேரீச்ச மரத்தைப் பிளந்து உத்தரம், மேலே ஓலைப்பாய், அதற்கும் மேலே வைக்கோல் கலந்த மண். எண்ணெய்ப் பணம் வந்ததும் குடும்பம் ஏசி போட்ட வில்லாவுக்குக் குடிபோனது. மாளிகை ஆட்டுத் தீவனக் கிடங்காகிவிட்டது. அதன் மாடியறையில் பிறந்தவர் கஃபீலின் தகப்பனாரான பெரியவர். கண் மூடுமுன் அதை மறுபடி வீடாகப் பார்க்க அவருக்கு ஆசை.

ஆசைப்பட்டது அவர், மாட்டிக்கொண்டது எங்கள் அண்ணன். குளிர்காலத்தில் ஒரு மழை பெய்தால் மண் கூரை கரையும். அதைப் பூசி முடித்தால் கோபுரத்தில் விரிசல் விடும். இதற்கு முடிவு ஏது? ஊரிலோ, தன் சொந்த வீட்டுக்கு அஸ்திவாரக் குழி தோண்டிப் போட்டுவிட்டு வந்தவர் இவர். மதினி போனில் கேட்பார்:

"குழியில தண்ணி நிக்குது, ஆடு விழுந்து கத்துது. எப்பதான் விசாவக் கேன்சல் பண்ணிட்டு வர்றீக?"

"இந்தக் கூரை முடியட்டும், வந்துர்றேன்."

வருடா வருடம் இதே பதில்தான்.

வெள்ளிக்கிழமைகளில் பெரியவர் மஜ்லிஸுக்கு வருவார். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலும் சீனியும் இல்லாத கஹ்வா என்ற அரபுக் காப்பியைச் சின்னக் கோப்பையில் ஊற்றுவார். போதும் என்றால் காலிக் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அது அங்குள்ள வழக்கம். அண்ணனுக்கு அந்தக் கசப்பு ஆகவே ஆகாது. ஆனாலும் ஆட்டமாட்டார். ஊற்ற ஊற்றக் குடிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை கூட இருந்து பார்த்த நான், வெளியே வந்ததும் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"கைய ரெண்டு ஆட்டு ஆட்டுனா என்னண்ணே? வயிறு என்னத்துக்காகும்?"

"தெரியும்டா. ஆசையா ஊத்துறாரு. வேணாம்னா மொகம் சுருங்கிப் போகும்ல."

"மதினி மொகம் சுருங்குனா பரவாயில்லையா?"

அவர் மண் குழைக்கப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு அந்த மாடிக் கூரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கூரைய தார்ப்பாய் போட்டு மூடுனாங்களாடா?" என்றார். மதினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் லீவு போட்டு நின்ற ரூம் நண்பர்களுக்கும், இங்கே மதினியைத் தாங்கிக்கொண்ட உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அண்ணனை ஊர் கொண்டுவர அலைந்து திரிந்த கஃபீலுக்கும் அப்படியே. புறப்படும் முன் அவர் என்னை மஜ்லிஸுக்கு அழைத்தார். பெரியவர் கண்ணீரோடு என் கையில் கோப்பையைக் கொடுத்து ஊற்றினார்.

கஃபீல் இந்தியில் சொன்னார்: "உன் அண்ணனுக்கு எங்கள் கஹ்வா என்றால் உயிர். ஒரு நாளும் கோப்பையை ஆட்டியதில்லை. இந்த வீட்டை விட்டுப் போகவும் அவனுக்கு மனமில்லை என்றுதான் நினைத்தோம். கேட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்போம்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. குடித்து முடித்தேன். பெரியவர் மறுபடி கூஜாவைச் சாய்த்தார். அண்ணனுக்கும் சேர்த்துக் கோப்பையை ஆட்டினேன்.

பெரியவரின் முகம் சுருங்கவில்லை. தலையை அசைத்துவிட்டு, கூஜாவைக் கீழே வைத்தார். இவ்வளவுதான் அண்ணே.