மாமா கேட்காத பொடி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்த சமயம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி வைப்பது, காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போட்டு நோட்டில் எழுதுவது. பத்தாவது வரைதான் படித்தவன் நான். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பதால், குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரில் எனக்குப் பாதி டாக்டர் மரியாதை உண்டு. அதை ஒருநாளும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அக்காவைக் கடலூர் முதுநகரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் பத்து நிமிடத்துக்குள் எனக்கு போன் வந்துவிடும். "எலி டாக்டர் ஃப்ரீயா இருக்காரா?" என்று கேட்பார். ஓடிப்போய் அவரோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். பீடி, வெற்றிலை எதையும் தொடாத அந்த மனுஷனுக்குத்தான் தொண்டையில் கேன்சர் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டதால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, கீமோவை மட்டும் முழுதாக முடித்துவிட வேண்டும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். கூடவே, கேட்காமல் வேறு எதையும் சாப்பிடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யாராவது லேகியம், கஷாயம் என்று வாயைத் திறந்தாலே வாசலோடு அனுப்பிவிடுவாள்.

முதல் கீமோவிலேயே மாமா துவண்டு போனார். ஓயாத வாந்தி, வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தால்கூட இரும்பை நக்குவது போல இருக்கிறது என்றார். அவருடைய ஃபைலைப் புரட்டியபோது மருந்தின் பெயர் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனதும் புரிந்தது. எங்கள் கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி எலிகளுக்குப் போட்ட ஊசியும் அதே மருந்துதான்.

பாதி எலிகளுக்கு ஊசி மட்டும். மீதி எலிகளுக்கு ஊசியோடு கீழாநெல்லிச் சாறும் உண்டு. ஊசி மட்டும் போட்டவை முடி சிலிர்த்து, முதுகு கூனி, தீனியைத் தொடாமல் மூலையில் கிடந்தன. சாறு குடித்தவை வழக்கம்போல ஓடித் திரிந்தன. கீமோ மருந்து கிட்னியைக் கெடுக்கும், இந்த இலையில் இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட் அதைத் தடுக்கிறதா என்றுதான் பார்க்கிறோம் என்று அந்தப் பெண் ஒருநாள் விளக்கினாள். அவர்கள் ஊறவைத்துச் சாறு எடுத்த அந்த இலையே நான் எங்கள் வயல் வரப்பில் பறித்து, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்ததுதான். அதனால் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இரண்டு கூடை பறித்துக் காயவைத்து மிக்ஸியில் அரைத்தேன். எலிக்கு இவ்வளவு எடைக்கு இவ்வளவு என்றால், அறுபது கிலோ மாமாவுக்கு எவ்வளவு என்று போனில் பெருக்கினேன். ஒரு நாளைக்கு எட்டு ஸ்பூன் வந்தது. எட்டு ஸ்பூனா என்று ஒரு நிமிடம் திக்கென்றது. பெருக்கல் சரிதானே என்று விட்டுவிட்டேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறாள். அவள் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மாமாவிடம் டப்பாவைக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"வேணாம் மச்சான். டாக்டர் வேற எதையும் தொடக் கூடாதுன்னாரு."

நான் விடவில்லை. கூண்டில் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆன்டிஆக்சிடன்ட் என்ற வார்த்தையை நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியில் அவர், "நீ கண்ணால பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். "அப்ப சரி, குடு" என்று வாங்கி, மோரில் கரைத்துக் குடித்தார்.

மூன்றாம் நாளே பேதி ஆரம்பித்தது. கீமோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். பொடி குடிக்க ஆரம்பித்த பிறகுதான் பேதி வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். இருந்தும் எல்லோரோடும் சேர்ந்து நானும் கீமோதான் என்றேன்.

அடுத்த கீமோவுக்கு அக்காவுக்கு லீவு கிடைக்காததால் நான்தான் கூடப் போனேன். ரத்தப் பரிசோதனையில் கிட்னி கெட ஆரம்பித்திருப்பது தெரிந்தது. இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது என்ற டாக்டர், நாட்டு மருந்து, பொடி ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க சார்" என்றார். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். மாமா அதையேதான் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும், "உன்னோடது கான்ட்ராக்ட் வேலை. அங்கேர்ந்து மருந்தைத் தூக்கிட்டு வந்துட்டான்னு எவனாவது சொல்லிட்டா என்னா பண்ணுவ?" என்றார். அது எங்கள் வரப்பில் விளைந்த இலை, கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று செய்தேன். இது கிட்னிக்கான இலைதானே, இன்னும் இரண்டு ஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் கூட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அந்த எலி ஆராய்ச்சி முடிந்தது. கடைசி நாளில் எல்லா எலிகளையும் கொன்று, அறுத்துப் பார்ப்பார்கள். கிட்னியெல்லாம் நன்றாக இருக்கிறது அண்ணா என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். அப்போதுதான், இந்த எலிகளுக்குக் கட்டி எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"கட்டி ஏது அண்ணா? இதெல்லாம் நோயே இல்லாத எலி. கிட்னியை மட்டும்தான் பார்த்தோம். நோய் இருக்குற உடம்புல இந்த இலை கீமோவோட வேலையைக் கெடுக்குமா, மனுஷன் எவ்வளவு தாங்குவான், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது."

அந்த ஆராய்ச்சியில் சாறு குடித்துப் பிழைத்த எலி என்று ஒன்றுகூட உயிரோடு கூண்டுக்குத் திரும்பவில்லை. அறுக்கும்போது பிடித்துக் கொடுத்தவனே நான்தான். கடைசியில் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள் என்பதைக்கூட நான் மாமாவிடம் சொல்லியிருக்கவில்லை.

உடனே போன் போட்டுப் பொடியை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் அக்காவும் மாமாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "மாமா ஒரு பொடி சாப்பிட்டாரு சார்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அப்போதும் யார் கொடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் டாக்டர் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். அப்போது அவருக்குக் குரல் பாதிதான் வரும்.

"நான்தான் கேட்டு வாங்குனேன். மச்சான் வேணாம்னுதான் சொன்னான்."

ஒரு வாரம் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். கிட்னி கொஞ்சம் தேறியது, முழுதாகத் தேறவில்லை. பழைய மருந்தைக் கொடுக்க முடியாமல் வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நோய் அதற்குக் கட்டுப்படவில்லை. பங்குனியில் மாமா போய்விட்டார். கீமோ மருந்தே கிட்னியைக் கெடுக்கக்கூடியது, பேதியும் சேர்ந்துகொண்டது, பொடியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில நாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவேன். சில நாள் அதுவும் கை கொடுப்பதில்லை.

கடைசி மாதத்தில் மாமாவுக்குப் பேச்சே நின்றுவிட்டது. நான் போனால் டீ குடிக்கிற மாதிரி கையைக் காட்டிச் சிரிப்பார். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாமா என்று ஒருநாள் அழுதேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

இரண்டு தெவசம் முடிந்துவிட்டது. இரண்டு தடவையும் படையல் போட்டுவிட்டு அக்கா அவர் போட்டோவைப் பார்த்து அழுதாள். "டாக்டர் பேச்சைக் கேக்காம, எந்தம்பியை நச்சரிச்சு வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டியே, பாவி மனுஷா" என்று திட்டினாள். பிறகு எனக்கே முதல் இலை போட்டுச் சோறு வைத்தாள். நானும் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

சமையல் முடித்து அடுப்பை அணைத்த பிறகு அக்கா இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பாள். பெயர் போடாவிட்டாலும், எலி என்றதுமே அவளுக்குத் தெரிந்துவிடும். நேரில் சொல்ல மூன்று வருடமாக எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மாமா கேட்கவில்லை அக்கா. வேண்டாம் என்று சொன்னவர் அவர், கொடுத்தவன் நான். அடுத்த தெவசத்துக்கு அந்தப் போட்டோவைத் திட்டாதே, நீ திட்ட வேண்டியவன் உன் எதிரில்தான் இலை போட்டு உட்கார்ந்திருப்பான்.