மொட்டுக்கு ஒரு பை

தையல்காரர் காலையில் எழுந்ததும் மாடிக்குப் போவார். பெயிண்ட் வாளியில் நிற்கும் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, துணிப்பை கட்டிய பூக்களை ஒவ்வொன்றாகச் சுண்டிவிடுவார். மனைவி அப்படித்தான் செய்தாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

கட்டைவிரல் பருமன், பழுத்தால் கருஞ்சிவப்பு. அவள் பிறந்த வீட்டு ரகம். எந்தக் கடையிலும் கிடைக்காது. விதை முழுவதையும் ஆறு வாளியில் விதைத்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளில் ஐந்து காய்ந்துபோயின.

பதினாறு வருடம் மிளகாய் ஆலையில் தூசியைத் தின்றவள். ஒருமுறை அங்கிருந்த எல்லோருக்கும் இவர் நாற்பது முகமூடி தைத்தார். "வேலை பாக்க வந்தீங்களா, ஆபரேஷன் பண்ண வந்தீங்களா?" என்று முதலாளி மூட்டையைத் திருப்பி அனுப்பினான். நுரையீரல் போய் அவள் செத்ததும் வந்து, "எல்லாம் விதி" என்றான். விதிக்கு வசதியாக வாய் கிடையாது. எவன் பழியைப் போட்டாலும் சுமக்கும். இவர் தலையாட்டினார். அழுகை வரவில்லை. மறுநாள் யாருடைய கால்சட்டைக்கோ ஜிப் வைத்தார்.

ஒரு நாள் கொழுந்தியாள் வந்தாள். மாடி ஏறியதும் சிரித்தாள்.

"என்ன மாமா, செடிக்கும் சட்டை தச்சாச்சா?"

"உங்கக்கா கட்டுவாளே."

"மொட்டுலயே கட்டினீங்களா?"

"இல்ல, நல்லா விரிஞ்சப்புறம். உதிராம இருக்கத்தானே?"

அவள் தலையில் கை வைத்தாள். "போச்சு போங்க! தேனீ நுழையாம இருக்கக் கட்டுறது. பக்கத்து மாடியில பாருங்க, வேற மிளகாய் வரிசையா நிக்குது. அதுல உக்காந்த தேனீ முன்னாடியே இதுக்கும் வந்திருக்கும். ரெண்டும் கலந்திருக்கும், இந்த விதைய நம்ப முடியாது."

"சுண்டுறது?"

"தன் மகரந்தம் தன் மேலயே விழணும்னு."

அவள் இலைகளை விலக்கித் தேடினாள்.

"மூணு மொட்டு மூடியிருக்கு மாமா. செடியும் ஓஞ்சு வருது, இத விட்டா அக்கா மிளகாய் அவ்வளவுதான். மெல்லிசுத் துணியா எடுங்க, உள்ள மூச்சு விடணும்."

கீழே போய், ஆலையிலிருந்து திரும்பி வந்த மூட்டையில் முகமூடி ஒன்றை எடுத்துக் கத்தரித்துக்கொண்டு வந்தார்.

"மூச்சு விடும்," என்றார். "அதுக்குன்னு தச்சதுதான்."

அவர் முகமூடியின் நாடாவாலேயே மூன்றையும் கட்டினார். பழைய பைகளை அவிழ்த்து, காய்களைப் பறித்து அவள் கையில் கொடுத்தார்.

"சமையலுக்கு வச்சுக்க."

நான்காம் நாள் காலை, ஒரு மொட்டு பைக்குள்ளேயே உதிர்ந்து கிடந்தது. மற்ற இரண்டும் விரிந்திருந்தன. சுண்டிவிட்டு, மெஷினுக்குப் போனார்.